சின்னம் இல்லாத தேர்தலில் ஊரே கட்சி

"சாக்கடைக்கு ஏது கட்சி? தெருவிளக்குக்கு ஏது கொள்கை?" உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. குடியிருப்போர் நலச் சங்கத்தார் கேட்கிறார்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் கேட்கிறார்கள், வாட்சப் குழுக்களில் காலை வணக்கத்தோடு சேர்த்து அனுப்புகிறார்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி எல்லாவற்றிலும் கட்சிச் சின்னத்தை எடுத்துவிட வேண்டுமாம். நல்ல மனிதராகப் பார்த்து மேயராக்க வேண்டுமாம். நம் தோழர்கள் சிலரும், குறிப்பாகக் கட்சிகளிடம் பட்டுக் கசந்துபோன இளைஞர்கள், இதற்குத் தலையாட்டுவதைப் பார்க்கிறேன். அந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாற்காலியிலிருந்து கட்சியை எழுப்பிவிட்டால் அந்த நாற்காலியில் அடுத்து யார் வந்து உட்காருவார்கள்? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த யோசனையை நூறாண்டுக்கும் மேலாக நடத்திப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ நான்கில் மூன்று நகரங்களில் மேயர் தேர்தலும் நகர மன்றத் தேர்தலும் கட்சிப் பெயர் இல்லாமல்தான் நடக்கின்றன. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் மட்டும் இருக்கும். குடியரசுக் கட்சியா, ஜனநாயகக் கட்சியா என்று இருக்காது. சாலை போடுவதில் குடியரசுக் கட்சி வழி, ஜனநாயகக் கட்சி வழி என்று எதுவும் இல்லை என்பது அங்கே பழகிப்போன வாசகம். நம்மூர்ச் சாக்கடை வாசகத்தின் அண்ணன் என்று சொல்லலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீர்திருத்தவாதிகள் இதைக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கின் டாமனி ஹால் போன்ற கட்சி இயந்திரங்கள் அப்போது நகரங்களைக் கையில் வைத்திருந்தன. ஊழல் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கப்பலில் வந்து இறங்கிய ஐரிஷ் தொழிலாளிக்கு வேலையும், குளிர்காலத்துக்கு நிலக்கரியும், காவல் நிலையத்தில் பேச ஓர் ஆளும் தந்ததும் அதே கட்சி இயந்திரம்தான். சீர்திருத்தம் கேட்டவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள், படித்த நடுத்தர வர்க்கத்தார். அவர்கள் சின்னத்தை நீக்கியதோடு நிற்கவில்லை. வார்டுகளை ஒழித்து நகரம் முழுவதும் சேர்ந்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பல ஊர்களில் புகுத்தினார்கள். நகரத் தேர்தலைத் தேசியத் தேர்தல் நடக்கும் நாளிலிருந்து பிரித்து வேறு மாதத்தில் வைத்தார்கள். மூன்றும் சேர்ந்து என்ன செய்தன என்று பார்த்தால், ஏழையும் புதிதாக வந்தவரும் வாக்குச்சாவடிக்கு வருவது குறைந்தது. வீடும் கடையும் வைத்திருப்பவர்கள் நகரத்தை நடத்தினார்கள்.

இது பழைய கதை என்று நினைப்பவர்கள் பெர்குசனைப் பார்க்கட்டும்.

மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர் அது. 2014-ல் மக்கள் தொகை சுமார் 21,000. நம் பேரூராட்சி அளவுதான். 2014 ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞனை ஒரு வெள்ளைக் காவலர் சுட்டுக் கொன்றபோதுதான் உலகம் அந்தப் பெயரைக் கேட்டது. ஊர் மக்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். மேயர் வெள்ளையர். ஆறு பேர் கொண்ட நகர மன்றத்தில் ஒரே ஒருவர்தான் கறுப்பினத்தவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட காவலர்களில் கறுப்பினத்தவரை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

மூன்றில் இரண்டு பங்கு இருப்பவர்கள் ஏன் தோற்றார்கள்? அவர்கள் தோற்கவில்லை. அந்தத் தேர்தல் அவர்கள் காதுக்கே எட்டவில்லை. நகரத் தேர்தல் ஏப்ரல் மாதத்தில், கட்சிப் பெயர் இல்லாமல் நடக்கும். 2013 ஏப்ரலில் வாக்களித்தவர்கள் சுமார் 12 விழுக்காடு. அதற்கு ஐந்து மாதம் முன்பு ஒபாமா நின்ற தேர்தலில் இதே ஊரில் பாதிப் பேருக்கு மேல் வாக்களித்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை கொடுக்கும் அந்த ஊரின் மேயர் ஜேம்ஸ் நோல்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். வாக்குச்சீட்டில் அது இல்லை. 2014 ஏப்ரலில், துப்பாக்கிச் சூட்டுக்கு நான்கு மாதம் முன்பு, அவர் போட்டியே இல்லாமல் மறுபடியும் மேயரானார்.

இப்படித் தேர்வான "கட்சி சார்பற்ற" நிர்வாகம் செய்த வேலையை அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை பக்கம் பக்கமாகச் சொல்கிறது. நகரத்தின் வருமானத்துக்கு அபராதத்தை நம்பியிருந்தார்கள். 2015 நிதியாண்டின் 1 கோடியே 32 லட்சம் டாலர் பொது நிதியில் 30 லட்சம் டாலருக்கு மேல் அபராதத்திலிருந்து வரும் என்று பட்ஜெட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள். அபராதம் யாரிடமிருந்து? காவல்துறை நிறுத்திய வாகன ஓட்டிகளில் 85 விழுக்காடு, கைது செய்யப்பட்டவர்களில் 93 விழுக்காடு கறுப்பினத்தவர். அந்த அறிக்கையில் ஒரு பெண்ணின் கதை வருகிறது. 2007-ல் காரைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்கு 151 டாலரும் கட்டணங்களும் விதித்தார்கள். கட்ட முடியவில்லை, நீதிமன்றத் தேதி தவறியது, அதற்கு மேலும் அபராதம், கைது, ஆறு நாள் சிறை. ஏழு ஆண்டுகளில் 550 டாலர் கட்டிய பிறகும் 541 டாலர் பாக்கி இருந்தது. கந்துவட்டிக்காரன்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பான். கார் நிறுத்தும் இடத்துக்குக் கட்சி இல்லைதான். ஆனால் அங்கே யாரைப் பிடிக்கிறார்கள், யாரை விடுகிறார்கள் என்பதில் முழுக்க முழுக்க அரசியல் இருந்தது.

கொலைக்குப் பின் வந்த 2015 ஏப்ரல் தேர்தலில் வாக்குப்பதிவு 30 விழுக்காட்டை ஒட்டி உயர்ந்தது. மன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் மூவரானார்கள். அவர்களில் ஒருவரான எல்லா ஜோன்ஸ் 2017-ல் நோல்ஸிடம் தோற்று, 2020 ஜூனில் ஊரின் முதல் கறுப்பின மேயரானார். ஒரு பிள்ளையின் உயிர் போய், உலகமே திரும்பிப் பார்த்து, அதற்குப் பிறகும் ஆறாண்டு ஆனது.

பெர்குசனைவிட நமக்கு நெருக்கமான பாடம் கின்ஸ்டனில் இருக்கிறது. வட கரோலினாவில் அப்போது சுமார் 22,000 பேர் வாழ்ந்த ஊர், பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். 2008 நவம்பரில் அந்த ஊர் மக்கள், நகரத் தேர்தலில் கட்சிப் பெயர் வேண்டாம் என்று வாக்கெடுப்பில் முடிவு செய்தார்கள். கறுப்பினத்தவர் அதிகம் வாழும் பகுதிகளிலும் அதற்கு ஆதரவு இருந்தது, மறைப்பதற்கில்லை. அன்றைய வாக்குரிமைச் சட்டப்படி இத்தகைய மாற்றத்துக்கு நீதித்துறையின் ஒப்புதல் தேவை. 2009 ஆகஸ்டில் நீதித்துறை ஒப்புதல் தர மறுத்தது.

உடனே பழமைவாதிகள் கேலி செய்தார்கள். கட்சிப் பெயர் இல்லாவிட்டால் கறுப்பர்களுக்கு யாருக்கு வாக்களிப்பது என்று தெரியாதா, இது அவர்களை அவமதிப்பதல்லவா என்று. கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். நீதித்துறை சொன்ன காரணமோ வேறு. மக்கள் தொகையில் பெரும்பான்மை என்றாலும், வாக்களிக்க வருபவர்களில் கறுப்பினத்தவர் பல தேர்தல்களில் சிறுபான்மை. கறுப்பின வேட்பாளர் வெல்ல வேண்டுமானால் கொஞ்சம் வெள்ளையர் வாக்கு வேண்டும். அந்தக் கொஞ்சம் வெள்ளையர்கள் வேட்பாளரின் நிறத்தைப் பார்த்து வாக்களிக்கவில்லை, "நம்ம கட்சி" என்று பார்த்து வாக்களித்தார்கள். கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் அவர்கள் கண்ணுக்கு நிறம் மட்டும்தான் மிஞ்சும். ஆக, அந்தப் பெயர் தேவைப்பட்டது கறுப்பினத்தவருக்காக இல்லை, வெள்ளையருக்காக. வழக்கு நடந்து, 2012-ல் நீதித்துறை தன் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த முன்-ஒப்புதல் முறையையே செயலிழக்க வைத்தது. ஆனாலும் அந்த வாதம் வாதம்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஏனென்றால் கட்சியில்லாத் தேர்தல் நமக்குப் புதிய யோசனையே இல்லை. தமிழ்நாட்டின் சுமார் 12,500 கிராம ஊராட்சிகளில் தலைவர் தேர்தலும் வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சிச் சின்னம் இல்லாமல்தான் நடக்கின்றன. ஊரகத்தில் வாக்களித்தவர்களுக்குத் தெரியும், கையில் நான்கு சீட்டு தருவார்கள். பச்சை ஒன்றியத்துக்கு, மஞ்சள் மாவட்டத்துக்கு. இரண்டிலும் கட்சிச் சின்னம் இருக்கும். தலைவருக்கான ரோஸ் சீட்டிலும் வார்டு உறுப்பினர் சீட்டிலும் சீப்பு, பூட்டு, கைஉருளை என்று ஏதாவது இருக்கும். மேயர் தேர்தலில் கட்சி வேண்டாம் என்பவர்கள் கேட்கும் சொர்க்கம் இந்த ரோஸ் சீட்டில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது?

எங்கள் ஊராட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். 2019 டிசம்பர் தேர்தல். தலைவர் பதவி பொது. காலனி வாக்குகள் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். எங்கள் தெருத் தம்பி ஒருவன், பட்டதாரி, பத்தாண்டு கட்சிக்கு உழைத்தவன், நிற்க ஆசைப்பட்டான். ஒன்றியத்தில் பொறுப்பில் இருந்தவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். "நிக்கறது உன் இஷ்டம்ப்பா. ஆனா இதுல கட்சி தலையிட முடியாது, சட்டமே அப்படித்தான்" என்றார். அன்று மாலையே ஊர்த்தெருவிலிருந்து கிளைச் செயலாளர் வந்தார். "பச்சையும் மஞ்சளும் நம்ம கட்சிக்குப் போட்டுடுங்க. ரோஸ் சீட்டு ஊர் முடிவு, அதுல யாரும் குறுக்க வராதீங்க." தம்பியின் அப்பா குத்தகைக்கு உழும் நிலத்தின் உரிமையாளரிடமிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. வேட்புமனு திரும்பப் பெறப்பட்டது. கோயில் வாசலில் உட்கார்ந்து பேசி முடித்த ஆள் போட்டியின்றித் தலைவரானார்.

சட்டசபைக்கு என்றால் அதே கிளைச் செயலாளர் காலனிக்குள் வந்து தேநீர் குடிப்பார், தோளில் கை போடுவார், கூட்டணிக் கட்சியின் பட்டியலின வேட்பாளருக்கு ஊர்த்தெருவில் வாக்கும் கேட்பார். மனம் மாறியதால் இல்லை. சின்னம் அவரைக் கேட்க வைக்கிறது, வாக்கு குறைந்தால் மேலே பதில் சொல்ல வேண்டும். கின்ஸ்டன் வெள்ளையருக்கு அந்தக் கட்சிப் பெயர் என்ன செய்ததோ அதைத்தான் உதயசூரியனும் இரட்டை இலையும் எங்கள் ஊர்க்காரருக்குச் செய்கின்றன. ரோஸ் சீட்டில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே சாதி தன் சொந்தக் கொடியைப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கொடிக்கு "ஊர்" என்று பெயர்.

இட ஒதுக்கீடு வந்த பிறகு இது எவ்வளவு தூரம் போனது என்பதை நாம் மறக்க முடியாது. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வழிமறிக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்தாண்டுகள் தேர்தல் நடத்த முடியவில்லை, அல்லது நடத்தினால் வென்றவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். அந்த ஊர்களில் கட்சிக்காரர்கள் இல்லையா? எல்லாக் கட்சியும் இருந்தது. ஆனால் இந்த ஒரு தேர்தலுக்கு எந்தக் கட்சியும் வேட்பாளரை அறிவிக்க வேண்டியதில்லை. அறிவிக்காததால் எந்தக் கட்சிக்கும் அது தோல்வி இல்லை. 2006-ல் புதிய அரசு வந்து, நடத்தியே தீருவது என்று முடிவெடுத்ததும் அக்டோபரில் நான்கிலும் தேர்தல் நடந்தது. பத்தாண்டு முடியாதது ஐந்தே மாதத்தில் முடிந்தது.

வென்று அமர்ந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பட்டியலினப் பெண்ணாக இருந்தால் துணைத் தலைவர் யார் என்பது பெரும்பாலும் சொல்லத் தேவையில்லை. கையெழுத்தை நிறுத்தி வைத்தே ஐந்தாண்டு ஓட்டிவிடலாம். 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானபோது துணைத் தலைவர் மீது வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் ஊராட்சித் தலைவரைச் சுதந்திர தினக் கொடியேற்ற விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் வந்துதான் அவரைக் கொடியேற்ற வைத்தார். கட்சி மேடை என்றால், உன் ஆளைக் கண்டி, நீக்கு என்று தலைமையின் வாசலில் போய் நிற்கலாம். இங்கே எந்த வாசலில் நிற்பது? ஊருக்குத் தலைமை அலுவலகம் இல்லை.

தலைவர் பதவி ஏலம் போவதும் இந்தச் சின்னமில்லாத் தேர்தலில்தான். கோயில் திருப்பணிக்கு இத்தனை லட்சம் தருபவருக்குப் பதவி என்று 2019-லும் செய்தி வந்தது, 2021-லும் வந்தது, தேர்தல் ஆணையமும் ஒவ்வொரு முறையும் எச்சரித்தது. குஜராத்தில் இதற்கு அரசே பரிசு கொடுக்கிறது. போட்டியின்றி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சிக்கு ஊக்கத்தொகை தரும் சம்ரஸ் திட்டம் அங்கே 2001 முதல் இருக்கிறது. ஒருமனது என்றால் யாருடைய மனது? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களை ஏன் அவ்வளவு கடுமையாகச் சாடினார் என்பது இந்த "ஒருமனதை" ஒருமுறை அனுபவித்தால் புரியும். கட்சியற்ற ஜனநாயகம் பேசிய ஜெயப்பிரகாஷ் நாராயண் நல்ல மனிதர்தான். ஆனால் ஊர் முடிவு என்ற சொல்லைச் சேரியிலிருந்து கேட்டால் எப்படி ஒலிக்கும் என்பது அவர் சிந்தனையில் இல்லை.

இனி நகரத்துக்கு வருகிறேன். "அங்கே சின்னம் இருக்கிறதே, சாதி ஒழிந்துவிட்டதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். ஒழியவில்லை. சாதி பார்த்துத்தான் சீட்டு தருகிறார்கள். பொது இடத்தில் பட்டியலினத்தவரை நிறுத்தப் பெரிய கட்சிகளுக்கு இன்றும் மனம் வருவதில்லை. 2022-ல் சென்னைக்கு முதல் பட்டியலினப் பெண் மேயராகப் பிரியா வந்தார் என்றால், அந்தப் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் வந்தார். கட்சியின் பெருந்தன்மை என்று யாரும் எழுத வேண்டாம். கட்சியே குண்டர் படையானால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்கம் இருக்கிறது. அங்கே ஊராட்சித் தேர்தல் சின்னத்தோடுதான் நடக்கிறது. 2018-ல் மூன்றில் ஒரு பங்கு இடங்களில் ஆளுங்கட்சிக்கு எதிராக ஒருவர்கூட நிற்கவில்லை, நிற்க விடவில்லை. எனவே சின்னத்தை நான் மருந்தாகச் சொல்லவில்லை.

அப்படியானால் என்ன வித்தியாசம்? 2022 மார்ச்சில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நகராட்சி, பேரூராட்சித் தலைவர் பதவிகளில் சிலவற்றைத் திமுக கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கியது. நெல்லிக்குப்பம் நகராட்சி விடுதலைச் சிறுத்தைகளுக்கு. மறைமுகத் தேர்தல் நாளில் அங்கேயும் வேறு சில ஊர்களிலும் திமுக உறுப்பினர்களே எதிர்த்து நின்று பதவியைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றே கூட்டணிக் கட்சிகள் வெளிப்படையாகப் பேசின, ஊடகம் பேசியது, முதலமைச்சர் ஸ்டாலின் குற்ற உணர்ச்சியோடு நிற்பதாகச் சொல்லி, பதவி விலகுங்கள் என்று அறிக்கை விட வேண்டி வந்தது. சிலர் விலகினார்கள், சிலர் விலகவில்லை. எனக்கு அந்த முடிவில் திருப்தி இல்லை. ஆனால் ஒரு சட்டைக் காலர் இருந்தது, பிடிக்க முடிந்தது. எங்கள் ஊராட்சியில் அந்தத் தம்பிக்கு நடந்ததற்கு யாரும் அறிக்கை விடவில்லை. கட்சிக்குச் சம்பந்தமில்லாத தேர்தல் அல்லவா?

இதை நான் முதல் ஆளாகச் சொல்லவில்லை. 1978-லேயே அசோக் மேத்தா குழு, பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிகள் வெளிப்படையாகப் பங்கேற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் கிராம ஊராட்சி வார்டு வரை கட்சிச் சின்னம்தான். நாம்தான் பாதிச் சீட்டில் சின்னமும் பாதிச் சீட்டில் பூட்டும் சீப்புமாக வைத்துக்கொண்டு, பூட்டு-சீப்புப் பகுதியைத் தூய்மையானது என்று கொண்டாடுகிறோம்.

28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அந்த ஊராட்சிகளுக்கான தேர்தலில், விதியைத் திருத்தித் தலைவர் பதவிக்கும் கட்சிச் சின்னம் கொடு என்பது நம் கோரிக்கையாக இருக்க வேண்டும். கட்சிகள் இதற்கு எளிதில் ஒப்புக்கொள்ளாது. ஊரையும் காலனியையும் ஒரே நேரத்தில் தாஜா செய்ய ரோஸ் சீட்டின் மௌனம் அவர்களுக்கு வசதி. அதுவரை அந்த மௌனத்தைக் கலைக்க விதித் திருத்தம் தேவையில்லை. உங்கள் ஒன்றியத்தில் பொறுப்பில் இருப்பவரிடம், எந்தக் கட்சியானாலும், நேரில் போய்க் கேளுங்கள்: எங்கள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு உங்கள் கட்சி ஆதரிக்கும் ஆள் யார், ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் வென்றவரை வேலை செய்ய விடாத உங்கள் துணைத் தலைவர் மேல் என்ன நடவடிக்கை எடுப்பீர்கள்? சட்டப்படி சின்னம்தான் கூடாது, ஆதரவு சொல்லக் கூடாது என்று எதுவும் இல்லை. அவர் பதில் சொன்னால் எழுதி வாங்குங்கள். சொல்லாவிட்டால் அதையும் அவர் பெயரோடு பொதுவில் போடுங்கள், பச்சைச் சீட்டுக்கும் மஞ்சள் சீட்டுக்கும் வாக்கு கேட்டு அவர் காலனிக்குள் வருவதற்கு முன்பாக.